வாயில் திறப்பார்

அறிவு ஒரு குலத்தார்க்கோ ஒரு பாலார்க்கோ உரிய தனிப்பொருள் அன்று. ஆயினும் அறிவியற் கழகங்களின் வாயில் நெடுங்காலம் செல்வர்க்கும் ஆடவர்க்குமே திறந்திருந்தது. அது பிறர்க்கு எங்ஙனம் திறந்தது என்பதை மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் வரலாற்றால் ஈண்டு ஆராய்வாம்.

பாரடே 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லர்க்கு மகனாய்ப் பிறந்தார். பதினான்காம் வயதில் இலண்டன் நகரில் புத்தகம் கட்டுவோர் ஒருவரிடம் தொழில் பயிலப் புகுந்தார். கட்டுதற்கு வந்த நூல்களைப் படிக்க முதலாளி அவரைத் தடுத்திலர். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் அம்மையார் 1806-இல் வெளியிட்ட ‘இரசாயன உரையாடல்கள்’. ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டிருந்த அம்மையார், பெண்டிர் எளிதில் உணருமாறு, ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் உரையாடும் முறையில் அதனை இயற்றினார். தம் பெயரை அதிற் பொறித்திலர். பெண்டிர்க்கென எழுந்த நூல் ஏழைச் சிறுவனுக்கும் வழிகாட்டிற்று. ஒரு வீட்டில் ஏற்றிய விளக்குத் தெருவிற் செல்வார்க்கும் ஒளி தருமன்றோ?

கடைக்கு வந்த ஒருவர் அளித்த சீட்டுக்களால், 1812-இல் பாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அதனைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813-இல் டேவி அவரைத் தம் ஆய்வுக்கூட உதவியாளராக்கினார். ஆயினும் 1824-இல் ராயல் சொஸைட்டியில் பாரடே உறுப்பினராதலை எதிர்த்தவரும் அவரே! அவ்வெதிர்ப்பைக் கடந்தே பாரடே தேர்வு பெற்றார். மாணவனை உள்ளே அழைத்தல் மட்டும் போதாது. தம்மோடு ஒக்க இருக்கை தருதலே துணைபுரிதலின் நிறைவு என்பது இதனாற் பெறப்படும்.

பாரடே தாம் பெற்ற நன்றியை மறந்திலர். அக்கழகத்தில் 1825-இல் இளைஞர்க்கெனத் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளுள் பத்தொன்பது தொடர்களைத் தாமே நிகழ்த்தினார். எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டே இரசாயனத்தை விளக்கினார். மார்செட் அம்மையாரைத் தம் முதல் ஆசிரியையாகப் போற்றினார்.

அவ்வம்மையார் காலத்தில் ராயல் சொஸைட்டியிற் பெண்டிர்க்கு இடமில்லை. முதன்முதல் பெண்டிர் இருவர் அதன் உறுப்பினராகத் தேர்வு பெற்றது 1945-இல். அவருள் ஒருவர் காத்லீன் லான்ஸ்டேல். அவர் குழந்தைகளைப் பேணி வீட்டிலிருந்த காலத்தில், அவருடைய ஆசிரியர் வில்லியம் பிராக், வீட்டுவேலைக்கு ஆள் அமர்த்தப் பொருளுதவி பெற்றுத் தந்து, பாரடே பணிபுரிந்த அதே கழகத்திற்கு அவரை மீட்டும் அழைத்துக்கொண்டார். தடை இன்னதென ஆராய்ந்து நீக்கிய உதவி அது.

மாணவ நண்பர்காள்! ஆய்வுக்கூடத்தில் பயில்வோர், அதனை ஒருநாளேனும் அயற்பள்ளிச் சிறுவர் சிறுமியர்க்குத் திறந்து காட்டலாம். தமிழ் பயிலும் நாமோ, ஓர் அறிவியற் பாடத்தையேனும் எளிய தமிழில் எழுதலாம். அதனை எந்தச் சிறுமி எந்தக் கடையோரத்தில் இருந்து படிப்பாள் என்பதை யார் அறிவார்?