பல் ஏன் பால்வெள்ளை இல்லை?

என்னுடைய ஒளியியல் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் காரணம் கேட்டேன். "பல் மஞ்சளாக இருக்கிறது, சார். தினமும் செங்கற்பொடி போட்டுத் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளாகிறது" என்றாள். அவளுக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன். அதில் பாதி இயற்பியல். மீதிப் பாதி அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதை.

பல்லின் தொடக்கம்

கரு ஆறு வார வயதை அடையும்போது, வாயின் மேல்தோல் பட்டைபோல் தடிக்கிறது. அதிலிருந்து சிறுசிறு மொட்டுகள் தாடைக்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு மொட்டின் அடியிலும் ஒரு கூட்டம் செல்கள் நெருக்கமாகத் திரள்கின்றன. இத்திரளுக்குப் 'பல் பாப்பில்லா' என்று பெயர்.

கொழுக்கட்டைக்குச் செப்பு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மாவு உருண்டையில் கட்டை விரலை வைத்து அழுத்தினால், மாவு விரலைச் சுற்றிக் கவிழ்ந்த கிண்ணமாகிறது. விரல் இருக்கும் இடத்தில் இருப்பது பாப்பில்லா; மாவின் இடத்தில் இருப்பது எனாமல் உறுப்பு. ஆனால் இங்கே விரல் அழுத்துவதில்லை. மொட்டின் ஓரங்கள் தாமே வளர்ந்து பாப்பில்லாவைக் கவிந்துகொள்கின்றன.

வெட்டுப்பல்லா, கடைவாய்ப்பல்லா என்று முடிவு செய்வது இவ்விரண்டில் எது? கோலர், பெயர்டு என்னும் இரு ஆய்வாளர்கள் எலிக் கருக்களைக் கொண்டு இதைச் சோதித்து, 1969, 1970ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். வெட்டுப்பல்லின் பாப்பில்லாவைக் கடைவாய்ப்பல்லின் எனாமல் உறுப்போடு சேர்த்து வளர்த்தபோது, உண்டானது வெட்டுப்பல்! மாற்றிச் சேர்த்தபோது கடைவாய்ப்பல். பாதத்தின் தோலைப் பாப்பில்லாவோடு சேர்த்தபோதுகூடப் பல் உருவாயிற்று. எனினும் முதல் கட்டளை பாப்பில்லாவினுடையது அன்று. அது மேல்தோலிலிருந்து வருகிறது என்றும், பிறகே பொறுப்பு பாப்பில்லாவிடம் செல்கிறது என்றும் 1987இல் மினா, கோலர் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

இரண்டு கொத்தனார்கள்

தரைக்குச் சிமெண்டு பூசுகிற கொத்தனார் பின்வாங்கிக்கொண்டே பூசுவார். ஒரே கோட்டில் இரண்டு கொத்தனார்கள் எதிரெதிராக நின்று, பூசிக்கொண்டே விலகிப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாப்பில்லாவின் மேற்பரப்புச் செல்கள் டென்ட்டைன் என்னும் பொருளைப் பூசிக்கொண்டு உட்புறம் நகர்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் கனம்! இவ்வேலை தொடங்கியதும், எனாமல் உறுப்பின் செல்கள் எனாமலைப் பூசிக்கொண்டு வெளிப்புறம் நகர்கின்றன.

முடிவில் உள்ளே போன கொத்தனார் அறைக்குள் தங்கிவிடுகிறார். மிஞ்சிய பாப்பில்லாதான் பல்லுக்குள் இருக்கும் பற்கூழ். அது உயிரோடு இருக்கும்வரை உட்புறமாக மெல்ல மெல்ல டென்ட்டைன் சேர்ந்துகொண்டேயிருக்கும். வெளியே போன கொத்தனாரோ, பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போது அழிந்துவிடுகிறார். ஆகவே தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அது ஒளிகசியும் பொருள். தேய்த்த கண்ணாடி போன்றது. அதற்கு அடியில் உள்ள டென்ட்டைன் இயல்பாகவே இளமஞ்சள் நிறம். ஒளி எனாமலைக் கடந்து டென்ட்டைனில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. நாம் காணும் பல்லின் நிறம் பெரும்பாலும் அந்த டென்ட்டைனின் நிறமே.

கண்ணாடி முன் நின்று உங்கள் முன்பற்களைப் பாருங்கள். ஈறை ஒட்டி எனாமல் மெல்லியது. அங்கே மஞ்சள் கூடுதல். வெட்டும் விளிம்பில் டென்ட்டைன் இல்லை. அங்கே சற்று நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும்.

இன்னொரு சோதனை. ஒரு முன்பல்லைச் சுத்தமான துணியால் ஒற்றி, உதடு படாமல் சில நிமிடங்கள் உலரவிடுங்கள். பக்கத்துப் பல்லைவிட அது வெளுத்துத் தெரியும். காரணம் என்ன? நனைந்த வேட்டி உடலைக் காட்டும். காய்ந்தால் வெண்மையாகி மறைக்கும் அல்லவா? எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62, அதன் நுண்ணிய இடைவெளிகளில் உள்ள நீருக்கு 1.33. நீர் போய்க் காற்று புகுந்தால் அது 1 ஆகிவிடுகிறது. ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு கூடக் கூட ஒளிச்சிதறலும் கூடும். சிதறல் கூடினால் வெண்மை. எச்சில் பட்டு ஊறியதும் பல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.

செங்கற்பொடி செய்த வேலை

இப்போது அம்மாணவியின் கணக்கைப் போடலாம். மோஸ் அளவையில் எனாமலின் கடினம் சுமார் 5. செங்கல்லிலும் மணலிலும் உள்ள குவார்ட்சின் கடினம் 7. கடினமானது மென்மையானதைக் கீறும். நாள்தோறும் தேய்த்ததில் அழுக்கோடு எனாமலும் போயிற்று. எனாமல் மெலிந்ததால் அடியிலுள்ள மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அவள் போக்க நினைத்த மஞ்சள் அழுக்கே அன்று. பாப்பில்லா அவளுக்குக் கட்டிக்கொடுத்த டென்ட்டைன்.

பாற்பற்கள் வெண்மையாகவும் பின்னர் முளைத்த பற்கள் சற்று மஞ்சளாகவும் இருப்பது இயல்பு. வயதாக ஆக டென்ட்டைன் தடித்து, எனாமல் தேய்ந்து, மஞ்சள் கூடுவதும் இயல்பே. ஆனால் அடிபட்ட ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறினால், உள்ளே பற்கூழ் இறந்திருக்கக்கூடும். அப்போது பல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

மென்மையான தூரிகையும் பற்பசையும் போதும். எனாமலைப் பூசிய கொத்தனார் திரும்பி வரமாட்டார். அவர் விட்டுச் சென்றதைக் காப்பது நம் பொறுப்பு. அம்மாணவி செங்கற்பொடியை விட்டுவிட்டாள். சிரிக்கும்போது இப்போது வாயை மூடுவதில்லை.