மழைநீரைத் தேக்கிய கைகள்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நமக்குத் தென்னையும் வாழையும் ரப்பரும் சூழ்ந்த பசுமை பழகிய காட்சி. மரங்களை இழந்த மண் என்னவாகும் என்பதை ஆரோவில்லின் வரலாறு உணர்த்துகிறது.

புதுச்சேரிக்கு அருகே, தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில் உள்ளது. 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டு அதனைத் தொடங்கினர். அவ்விடமோ வறண்ட செம்மண் மேடு. மழை பெய்யுந்தோறும் மண் கரைந்து கடலை நோக்கி ஓடியது. எனவே, குடியேறியோர் அண்டைச் சிற்றூர் மக்களுடன் சேர்ந்து மண்கரைகள் எழுப்பி மழைநீரைத் தேக்கினர், மரக்கன்றுகளை நட்டனர். இன்று அங்கே காடு நிற்கிறது.

அங்கு 2003இல், 70 ஏக்கர் வறள்நிலத்தில் 'சாதனா ஃபாரஸ்ட்' தொடங்கப்பட்டது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் அங்கே குடிசைகளில் தங்குகின்றனர். காலையில் குழி வெட்டிக் கன்று நடுகின்றனர். சமையலையும் துப்புரவையும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். கதிரொளியே மின்சாரம் தருகிறது. நட்டவருள் பலர் சில வாரங்களில் ஊர் திரும்புவர். மரம் நிழல் தரும் நாளில் அங்கு இரார். அடுத்து வருபவர் அக்கன்றுக்கு நீர் ஊற்றுவார்.

சொற்பொருள்: தாழி – வாயகன்ற கலம், இரார் – இருக்கமாட்டார்.

செயல்பாடு: உம் வீட்டு முற்றத்து மழைநீர் எங்கே செல்கிறது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.