நேர் அச்சும் சாய்ந்த ஆணியும்

- இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. ஆணி இருந்தும் அது சாய வேண்டிய பக்கம் சாயாவிட்டால் என்ன ஆகும்? வண்டி ஓடும், ஆனால் நாம் நினைத்த பக்கம் ஓடாது. இதை நான் வகுப்பில் கற்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில், அன்னவாசல் சாலையோரக் கண்மாய்க் கரையில், கருவேல முள்ளுக்குள் இறங்கி நின்ற ஒரு ஜீப்பில் உட்கார்ந்து கற்றேன்.

என் தந்தையார் லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் பட்டறைக்குப் போய் அவருக்குக் கையாளாக நிற்பேன். அந்த அனுபவத்தையும் அதில் அடங்கிய இயற்பியலையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர் அச்சு என்றால் என்ன?

இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே கட்டையான தண்டு இணைத்தால் அது நேர் அச்சு. மாட்டு வண்டியிலும் தேரிலும் இருப்பது இதுதான். மாட்டு வண்டியை மாடுகளே திருப்பிவிடுகின்றன. தேரைத் திருப்பச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள். மோட்டார் வண்டிக்கு இந்த இரண்டு வழியும் ஆகாது. அச்சு அசையாமல் இருக்க, சக்கரங்கள் மட்டும் திரும்ப வேண்டும். ஆகவே அச்சின் இரு முனைகளிலும் செங்குத்தாக ஓர் ஆணி உண்டு. அதைக் கிங்பின் என்பார்கள். கதவு கீலில் திரும்புவது போலச் சக்கரம் இந்த ஆணியில் திரும்புகிறது.

வளைவில் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. இதற்கான அமைப்பை மியூனிக் நகரத்து லாங்கன்ஸ்பெர்கர் 1817இல் வகுத்தார். 1818இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆக்கர்மன் பெயரே நிலைத்துவிட்டது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டரும் இரு ஆணிகளுக்கு இடையே 1.2 மீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். உட்சக்கரம் 25 பாகை திரும்பினால் வெளிச்சக்கரம் 20 பாகைதான் திரும்ப வேண்டும். கோடாஞ்சென்ட் அட்டவணையை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

இன்றைய கார்களில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன. நேர் அச்சிலோ ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாயும். அது அதன் குறை. பாரம் ஏற்றினாலும் சக்கரத்தின் நிற்கும் கோணம் மாறாது, உறுப்புகள் குறைவு, உறுதி அதிகம். இவை நிறை. ஆகவேதான் லாரிகளில் அது இன்றும் நிலைத்திருக்கிறது.

பொருத்தும் முறை

பட்டறைக்கு வந்தது பழைய பெட்ரோல் ஜீப். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வண்டியின் வழி வந்தது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வகை. அதன் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, முன் அச்சைத் திரும்பப் பொருத்த வேண்டும். அப்பா செய்யும் வரிசை இது:

1. முதலில் சட்டம் கோணலாக இருக்கிறதா என்று நூல் பிடித்து, இரு மூலைவிட்டங்களையும் அளப்பார். இரண்டும் சமமானால்தான் அடுத்த வேலை.

2. ஸ்பிரிங் பட்டையின் நடுப்போல்ட்டு, அச்சின் மேடையில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். பிறகு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளப்பார். வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கும்.

3. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே, ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த ஆப்புத் தகடு. ஆணி தேவையான அளவு சாய்ந்திருக்கச் செய்வது இதன் வேலை.

4. யூ போல்ட்டு நான்கையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குவார். சிறிது தூரம் ஓடிய பின் மறுபடியும் இறுக்க வேண்டும்.

5. கடைசியில் சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியை விடச் சற்றுக் குறைவாக இருக்குமாறு டை ராடைத் திருகுவார். இந்த ஜீப்புக்கு அது 1 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை.

அன்று அப்பாவுக்கு வேறொரு லாரியில் அவசர வேலை. மூன்றாவது படியை நான் செய்தேன். லாரியில் ஆப்பின் பருத்த முனை பின்பக்கம் இருக்கும் என்று பல முறை பார்த்திருக்கிறேன். ஜீப்பிலும் அப்படியே வைத்து முடுக்கிவிட்டேன்.

கண்மாய்க் கரை

மாலையில் சோதனை ஓட்டம். அப்பா ஓட்டினார், நான் அருகில் இருந்தேன். வளைவைத் தாண்டியதும் எல்லா ஓட்டுநர்களும் செய்வது போல் ஸ்டியரிங்கைக் கைக்குள் தளர விட்டார். அது தானாக நேராக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் இழுத்துத் திருப்புவதற்குள் வண்டி கரையிலிருந்து சரிந்து முள்ளுக்குள் புகுந்தது. விளக்கு ஒன்று நொறுங்கியது. அப்பாவின் மணிக்கட்டு பிசகியது. அந்த நேரத்தில் எதிரே யாரும் வராதது எங்கள் நல்ல காலம்.

பட்டறை உரிமையாளர், "முன் அச்சப் பூட்டுனது யாரு?" என்று கேட்டார். "நாந்தாண்ணே" என்றார் அப்பா. நான் பேசாமல் நின்றேன். விளக்கின் விலை அவர் கூலியில் பிடிக்கப்பட்டது.

இரவு அப்பா தூக்குக்குண்டை ஆணிக் கோட்டின் அருகே தொங்கவிட்டுக் காட்டினார். ஜீப்பில் முழு ஆணிக்குப் பதிலாக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு முளைகள். மேல் முளை பின்னால் சாய்ந்திருக்க வேண்டியது, முன்னால் சாய்ந்திருந்தது. "லாரியில அச்சு பட்டைக்குக் கீழ இருக்கு. இதுல பட்டைக்கு மேல இருக்கு. அதான் தம்பி, ஆப்பத் திருப்பி வைக்கணும்" என்றார். பிறகு கேட்டார்: "பின்னால சாஞ்சா வண்டி நேராப் போவுது, முன்னால சாஞ்சா அலையுது. முப்பது வருசமாப் பாக்குறேன். அது ஏன்னு நீ சொல்லு, படிச்ச புள்ளதானே."

எனக்கு விடை தெரியவில்லை. "காஸ்டர் கோணம்" என்ற பெயர் மட்டுமே தெரிந்தது. பெயர் தெரிவது வேறு, பொருள் தெரிவது வேறு.

ஏன்?

விடுமுறை முடிவதற்குள் விடையைத் தேடிக் கண்டேன். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். அதன் சுழல் ஆணி முன்னே செல்ல, சக்கரம் பின்னே இழுபடுகிறது. கயிற்றில் கட்டிய கன்று போல அது எப்போதும் ஆணியின் பின்னாலேயே வரும். வண்டியைப் பின்னோக்கித் தள்ளினால் சக்கரம் சட்டென்று சுழன்று மறுபடியும் பின்பக்கம் போய்விடும்.

வண்டியின் ஆணி பின்னால் சாய்ந்திருந்தால், அதன் கோட்டை நீட்டினால் அது சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்கு முன்னால் தரையைத் தொடும். சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ., சாய்வு 3 பாகை என்றால் இந்தத் தூரம் 35 × 0.052 = 1.8 செ.மீ. சக்கரம் திரும்பியிருக்கும்போது சாலை அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த விசை 500 நியூட்டன் எனில், திருப்புத்திறன் 500 × 0.018 = 9 நியூட்டன் மீட்டர். இது சக்கரத்தை நேராக்கும் திசையில் அமைகிறது. நான் ஆப்பைத் திருப்பி வைத்ததும் அதே 1.8 செ.மீ. பின்பக்கம் போயிற்று, அதே திருப்புத்திறன் சக்கரத்தை மேலும் திருப்ப முயன்றது. முள்ளுக்குள் எங்களைத் தள்ளியது இந்த அரை விரல் தூரந்தான்! மிதிவண்டியின் கைப்பிடித் தண்டு வழியே ஒரு நீளக் குச்சியைப் பிடித்துப் பார்த்தாலும் இதே உண்மை புலப்படும்.

பந்தயக் கார்களில்

இந்த நேர் அச்சுக்கு வேகப் பந்தயத்திலும் ஒரு வரலாறு உண்டு. கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயம் 200, 300 மீட்டர் தூரத்துக்கு நடப்பது போல, அமெரிக்காவில் நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராகப் பாயும் 'டிராக்' பந்தயம் நடக்கிறது. அதற்கான தேசியச் சங்கம் 1951இல் தோன்றியது. 1950, 60களில் அங்கே ஒரு விந்தை நடந்தது. 1955ஆம் ஆண்டு செவ்ரோலே போன்ற கார்களில் புதுமையான தனித்தனி முன் சக்கர அமைப்பு இருந்தது. பந்தயக்காரர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய நேர் அச்சையும் ஸ்பிரிங் பட்டையையும் பொருத்தினார்கள். முன்பக்கம் எளிமையானது, பெரிய எஞ்சினுக்கு இடம் கிடைத்தது, காரின் முகமும் உயர்ந்தது.

முகத்தை ஏன் உயர்த்த வேண்டும்? கார் பாயும்போது பாரம் பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. மாறும் பாரம் = நிறை × முடுக்கம் × ஈர்ப்பு மையத்தின் உயரம் ÷ அச்சுகளின் இடைத்தூரம். 1000 கிலோ காரின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு, இடைத்தூரம் 240 செ.மீ. என்க. மையத்தின் உயரம் 45 செ.மீ. ஆனால் 150 கிலோ எடை பின்னே மாறும், 60 செ.மீ. ஆனால் 200 கிலோ. அக்காலத்து வழுக்கும் டயர்களுக்கு அந்த 50 கிலோ பெரும் பிடிப்பு. ஆனால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் திசைக் கட்டுப்பாடும் குறையும். எனவே அவர்கள் ஆணியை 3 பாகையைவிடவும் கூடுதலாகப் பின்னே சாய்த்தார்கள். பழைய கார்களை நேசிப்பவர்கள் இன்றும் அவ்வாறே பொருத்துகிறார்கள். ஆப்பு திரும்பிவிட்டால் அங்கும் இதே கதிதான். அங்கே வேகம் மட்டும் பல மடங்கு.

முடிவுரை

கணக்கை எழுதிக்கொண்டு போய் அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "சரிதான். நான் சாணுக்கு அரைக் கட்டைவிரல் சாய்ப்பேன்" என்றார். அவர் கையை அளந்தேன். சாண் 22 செ.மீ.; கட்டைவிரலின் பாதி அகலம் 1.1 செ.மீ. வகுத்தால் 0.05. அட்டவணையில் பார்த்தேன், 3 பாகைக்குச் சிறிதே குறைவு. ஜீப்பின் கையேடு கூறுவதும் 3 பாகைதான்.

இப்போது பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் நான் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன: "அச்சு கீழே என்றால் பருத்த முனை பின்னால். அச்சு மேலே என்றால் முன்னால்." புதிதாக வேலைக்கு வரும் பையன்களை அப்பா அதை வாசிக்கச் சொல்கிறார். அதற்குக் கீழே எழுத வேண்டிய ஒரு வரியை அன்று நான் எழுதவில்லை. அதை இந்த ஆண்டு மலரில் எழுதிவிடுகிறேன்: அன்று ஆப்பைத் தலைகீழாக வைத்தது என் தந்தையார் அல்லர், நான்தான்.