காளானின் நுண்வித்துகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேலியோரத்தில் குடை விரித்து நிற்கும் காளானைக் காணாதார் இரார். அது ஓரிரவில் தோன்றியதாகக் கருதுவது பொருந்தாது. அதன் உடல் மண்ணுள்ளும் மட்கிய மரத்துள்ளும் நுண்ணிழைகளாய் நெடுங்காலம் படர்ந்து கிடக்கிறது. நாம் காணும் குடையோ, வித்துகளைப் பரப்புதற்கென அவ்வுடல் சின்னாள் உயர்த்தும் உறுப்பேயாம். நம் இல்லங்களில் காளான் உணவாவதில்லை. உண்ணாது விலக்கும் பொருளாயினும் அதன் உயிர்ப்பெருக்கத்தை அறிந்துகொள்ளுதல் நன்றன்றோ?

குடையின் அடிப்புறத்தில் ஏட்டுச்சுவடி போல் அடுக்கப்பட்ட மெல்லிய தகடுகள் உள்ளன. இவற்றைச் செவுள்கள் என்பர். செவுளின் இருபுறத்தையும் போர்த்தியிருக்கும் படலத்தை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினால், கதாயுதம் போன்ற வடிவுடைய அணுக்கள் நெருங்கி நிற்பது புலனாகும். இவ்வணுவின் பெயர் பசிடியம். அதன் தலையில் நான்கு கூரிய காம்புகள்; காம்பு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வித்து. கடைகளில் விற்கும் மொட்டுக் காளானில் மட்டும் பெரும்பாலும் இரண்டே இருக்கும். வித்தின் நீளம் பொதுவாக 5 முதல் 10 மைக்ரான். நூறு வித்துகளை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது.

இத்தாலி நாட்டு மிக்கேலி என்பார் 1729இல் வெளியிட்ட நூலில் இவ்வித்துகளைக் குறித்ததோடு, அவற்றை விதைத்துப் பூசணம் வளர்வதையும் காட்டினார். ஆயினும் அவை பசிடியத்தின் புறத்தே விளைகின்றன என்பதை 1837இல் பிரெஞ்சு அறிஞர் லெவெய்யே தெளிவுறுத்தும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பசிடியத்தின் உள்ளே நிகழ்வது இன்னும் வியப்புக்குரியது. ஒரு வித்து முளைத்து இழையாகிறது. ஏற்புடைய வேறோர் இழையைச் சந்தித்தால் இரண்டும் ஒன்றாகின்றன. ஆனால் அவற்றின் உட்கருக்கள் கலவா. இணைக்கு இணையாய் நின்று, கூடவே பகுந்து, ஆண்டுக்கணக்கில் அவ்வாறே வாழ்கின்றன. பசிடியத்தை அடைந்த பின்னரே அவை ஒன்றாய்க் கலக்கின்றன. கலந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் நான்காய்ப் பிரிந்து நான்கு வித்துகளுள் புகுகின்றன. ஆண், பெண் என்னும் இருபிரிவு இங்கில்லை. பட்ட மரங்களில் விசிறி போல் வளரும் ஷைசோஃபில்லம் என்னும் காளானில் 20,000க்கும் மேற்பட்ட இணைவகைகள் உள.

வித்து வெளிப்படும் முறையைக் கனடாவின் வின்னிபெக் நகரில் பேராசிரியராயிருந்த புல்லர் ஆராய்ந்து 1909 முதல் நூல்களாக வெளியிட்டார். வித்தின் அடியில் காற்றின் ஈரத்தால் ஒரு சிறுதுளி திரளும். அத்துளி வித்தின் மேலுள்ள நீர்ப்படலத்தோடு சட்டெனக் கலக்க, அவ்விசையால் வித்து காம்பினின்று தெறிக்கும். 2005இல் அதிவேகப் படக்கருவி கொண்டு இதனைப் படமாக்கினர். தெறிக்கும் தொலைவோ மில்லிமீட்டரின் சிறுபகுதியே. அதற்கு மேற்பட்டால் எதிர்ச் செவுளில் ஒட்டிக்கொள்ளுமே! இரு செவுள்களுக்கு நடுவே நின்று நேர்கீழே விழுந்து, பின் காற்றில் மிதந்து செல்லும். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வயற்காளான் ஒன்று ஏறத்தாழ 180 கோடி வித்துகளை, மணிக்கு நான்கு கோடி வீதம் உதிர்ப்பதாகப் புல்லர் கணக்கிட்டார். இவற்றுள் காளானாய் வளர்வன மிகச்சிலவே.

வித்தின் நிறம் உயிர் காக்கும் அடையாளமும் ஆகும். வெப்ப நாடுகளில் புல்வெளிகளில் முளைக்கும் குளோரோஃபில்லம் என்னும் நச்சுக்காளானின் செவுள் இளமையில் வெண்மையாகவே இருக்கும். நல்லதென்று நம்பி உண்டோர் சில மணி நேரத்தில் கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளாவர். வித்து முதிர்ந்த பின்னரே பச்சை நிறம் வெளிப்படும். எனினும் நிறம் ஒன்றையே நம்பலாகாது. ஐரோப்பாவில் பலரைக் கொன்ற அமானிட்டா ஃபல்லாய்டிஸ் காளானின் வித்து வெண்மையே. உண்ணத்தக்க பலவற்றின் வித்தும் வெண்மையே. அயோடின் கலந்த கரைசலில் வித்து நீலமாகிறதா என நுண்ணோக்கியில் பார்ப்பது போன்ற சோதனைகள் இதனால்தான் வேண்டப்படுகின்றன.

நிறத்தைக் காண விரும்பும் மாணவர் காளானைப் பறிக்க வேண்டுவதில்லை. பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் ஒரு பிளவிட்டு, காற்றில்லாத மாலையில் தண்டைச் சுற்றிக் குடையின்கீழ்ச் செருகி வைத்தால் போதும். மறுநாள் காலையில் செவுள்களின் வரிவடிவம் அப்படியே காகிதத்தில் பதிந்திருக்கும்.