ஒரு குழுவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சர்வதேச அமைப்புகளைப் பற்றி முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், ஐ.நா.வில் இன்டர்ன்ஷிப் வாங்குவது எப்படி?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த அமைப்பின் எந்தக் குழுவை அடுத்த ஓராண்டுக்கு விடாமல் கவனிக்கப்போகிறீர்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கும் மாணவருக்கு மற்றவை தாமாக வந்து சேர்கின்றன. ஜெனீவாவில் நான் படித்த காலத்திலும், பிறகு இதே பாடத்தை நடத்தும் காலத்திலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன்.

ஜெனீவா சின்ன ஊர். ஆனால் சுமார் 40 சர்வதேச அமைப்புகள் அங்கே இருக்கின்றன. ஐ.நா. கூட்டங்கள் காலை 10 முதல் 1 வரை, பிற்பகல் 3 முதல் 6 வரை நடக்கும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் பக்க நிகழ்வுகள், அறிக்கை வெளியீடுகள், நிபுணர் உரைகள். புதிதாக வருகிறவர்கள் இவை எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள். பருவம் முடியும்போது அவர்களிடம் விசிட்டிங் கார்டுகள் நிறைய இருக்கின்றன. ஆய்வேட்டுக்கு உதவுகிற குறிப்பு ஒன்றும் இருப்பதில்லை. அந்த வயதில் அந்த ஆர்வம் இயல்பு. அதை ஒரே பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

ஆண்டின் ஓட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுவதும் மனித உரிமைகள் பேரவை. மே மாதம் உலக சுகாதார அமைப்பின் பேரவை. ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. ஜூன் பாதிக்கு மேல் மனித உரிமைகள் பேரவை மறுபடி கூடுகிறது; செப்டம்பரில் மூன்றாவது முறை. கோடையில் சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 34 உறுப்பினர்களும் ஊரில் இருப்பார்கள். உலக வர்த்தக அமைப்பின் பொது மன்றம் செப்டம்பர் வாக்கில் நடக்கும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது தொழிலாளர் மாநாடு. வேறு எங்கும் காணாத ஓர் ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அரசுக்கு 2 பிரதிநிதிகள், முதலாளிகளுக்கு 1, தொழிலாளர்களுக்கு 1. நான்கு பேரும் தனித்தனியாக வாக்களிக்கிறார்கள். ஒரு நாட்டின் தொழிற்சங்கத் தலைவர் எழுந்து, பக்கத்திலேயே தன் அரசின் அதிகாரி உட்கார்ந்திருக்க, அந்த அரசு செய்யத் தவறியதைச் சொல்வதை அங்கே கேட்கலாம். அமைப்பு என்றால் அரசுகளின் கூட்டம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற மாணவருக்கு அந்த ஒரு காட்சி பெரிய படிப்பு. அந்த மாநாட்டில் உடன்படிக்கைகளின் அமலாக்கத்தை ஆராயும் குழு ஆண்டுதோறும் சுமார் 24 நாடுகளின் விவகாரங்களை எடுத்துக்கொள்கிறது. அந்தக் குழுவில் உட்காருங்கள். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியபோதே இந்தியா அதில் உறுப்பு நாடு. வேலை நேரத்தைப் பற்றிய முதல் உடன்படிக்கையை 1921-லேயே ஏற்றுக்கொண்டது. 2011-இல் வந்த வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை ஏற்காமலே இருந்துவருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடினாலே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி கையில் இருக்கும்.

மனித உரிமைகள் பேரவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் மாணவர்கள் அதிகம் விரும்பி வருவது அங்கேதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். இலங்கை மீதான தீர்மானங்கள் நம் வீடுகளில் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியவை. 2012-இல் ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. 2014-இல் 23, 12, 12. 2015-இல் இலங்கையே இணை அனுசரணை வழங்க, வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 2021-இல் 22, 11, 14. 2022-இல் 20, 7, 20. இந்தியா 2012-இல் ஆதரித்தது. 2014, 2021, 2022 மூன்றிலும் நடுநிலை வகித்தது.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிற மாணவர்கள் உண்டு. எண்கள் முடிவைத்தான் சொல்லும். வேலை நடப்பது அதற்கு முந்தைய வாரங்களில், முறைசாராக் கலந்தாய்வுகளில். தீர்மானத்தைக் கொண்டுவரும் நாடுகள் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் போகும். ஒரு தூதுக்குழு ஒரு வரியை நீக்கச் சொல்லும், இன்னொன்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லும். ஒத்துக்கொள்ளாத இடம் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். சில நாடுகள் வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாக்களிப்பு நாளில் அது என்னவாகிறது என்று பார்க்கலாம்.

நான் கைக்கொண்டு பலன் கண்ட முறை இது. ஒரு தீர்மானத்தின் மூன்று வடிவங்களைத் தேடி எடுப்பேன்: முதலில் சுற்றுக்கு விட்ட வரைவு, பிறகு செயலகத்தில் முறையாகச் சமர்ப்பித்த 'எல்' வரிசை ஆவணம், கடைசியில் நிறைவேறிய தீர்மானம். மூன்றையும் அருகருகே வைத்துப் பத்தி எண்படி ஒப்பிடுவேன். எது மெலிந்தது, எது புதிதாக வந்தது, எந்தப் பத்தி கடைசி நாளில் மாறியது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். அதன்பின் வாக்கு விளக்க உரைகளைக் கேட்பேன். 2014-இல் இந்தியா ஏன் நிலை மாறியது என்று ஊகிக்கவே வேண்டியதில்லை. அந்தத் தீர்மானத்தில் இருந்த சர்வதேச விசாரணை ஏற்பாட்டை இறையாண்மையில் தலையிடும் அணுகுமுறையாகப் பார்ப்பதாக அதன் தூதுக்குழு அரங்கிலேயே சொன்னது. அந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் படிக்காமல் எழுதக் கூடாது.

அந்த அரங்குக்குள் போக நுழைவு அட்டை வேண்டும். மாணவருக்கு எளிய வழி, கலந்தாலோசனைத் தகுதி பெற்ற அரசுசாரா அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்வது. ஐ.நா. சாசனத்தின் 71-ஆம் பிரிவின்படி அந்தத் தகுதியை வழங்குவது பொருளாதார சமூக மன்றம். அந்த மன்றத்தின் முதல் தலைவராக 1946-இல் அமர்ந்தவர் ஆற்காடு இராமசாமி முதலியார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பல மாணவர்களுக்கு அது புதுச் செய்தியாகவே இருப்பது எனக்கு வருத்தம். அவர் ஒருவர் மட்டுமல்ல. டர்பனில் பிறந்த நவி பிள்ளை 2008 முதல் 2014 வரை மனித உரிமைகளுக்கான உயர் ஆணையராக இருந்தார். சௌம்யா சுவாமிநாதன் உலக சுகாதார அமைப்பின் தலைமை விஞ்ஞானியாகப் பணியாற்றினார். அவர் தந்தை எம்.எஸ். சுவாமிநாதன் உணவு வேளாண் அமைப்பின் கவுன்சிலுக்கு 1981 முதல் 1985 வரை தலைவர். இந்தக் கட்டடங்களுக்குள் நாம் விருந்தாளிகளாக மட்டும் போகவில்லை.

பேரவை நாட்களில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் பிள்ளைகளின் படத்தோடு வருவார்கள். வெளியே சதுக்கத்தில், டேனியல் பெர்சே வடிவமைத்த 12 மீட்டர் உயர 'உடைந்த நாற்காலி' சிற்பத்தின் அடியில் நிற்பார்கள். உள்ளே அவர்கள் சார்பில் பேசக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அவர்களை உங்கள் ஆய்வுக்கான தகவல் மூலமாக அணுகாதீர்கள். "அம்மா, ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேளுங்கள். ஒரு ஆவணத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல, எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று காட்ட, ஆள் தேவைப்படும். நேர்காணல் பிறகு நடந்தால் நடக்கட்டும்; நடக்காவிட்டாலும் குறை இல்லை. தமிழ் தெரிந்த மாணவர் அங்கே செய்யக்கூடிய முதல் வேலை இதுதான் என்று நம்புகிறேன்.

கூட்டங்கள் இல்லாத வாரங்களில் நூலகத்துக்குப் போங்கள். ஐ.நா.வின் ஜெனீவா அலுவலகம் இருக்கும் பாலே தே நாசியோன் நூலகத்தை எழுப்ப ராக்பெல்லர் 1927-இல் 20 லட்சம் டாலர் கொடுத்தார். ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகள் சங்கத்தின் ஆவணக்காப்பகம் அங்கேதான் இருக்கிறது. யுனெஸ்கோவின் 'உலகின் நினைவு' பட்டியலில் இடம்பெற்றது அது. கோடிக்கு மேற்பட்ட பக்கங்களை எண்ணியல் வடிவமாக்கி இணையத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம். ஒரு கோப்பைத் திறந்தால் வந்த கடிதம் மட்டும் இருக்காது. அதன் ஓரத்தில் ஓர் அதிகாரி பென்சிலில் எழுதிய குறிப்பு, அதற்கு மேலதிகாரியின் பதில், பதிலே அனுப்ப வேண்டாம் என்கிற முடிவு, எல்லாம் வரிசையாக இருக்கும். அதிகாரிகள் எப்படி யோசித்தார்கள் என்பதை அவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பாடப்புத்தகம் எதையும் நான் படித்ததில்லை. நான்சென் சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த காலத்துக் கோப்புகளை எடுத்துப் பாருங்கள். நாடற்றவர்களுக்கு ஒரு பயண ஆவணம் என்ற யோசனை 1922-இல் எப்படி நடைமுறைக்கு வந்தது என்று படியுங்கள். இந்தியா அன்று பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழே இருந்துகொண்டே சங்கத்தின் நிறுவன உறுப்பினராகவும் இருந்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1921-இல் அதன் பிரதிநிதியாக ஜெனீவா வந்தார். சுதந்திரமில்லாத நாடு சர்வதேச மன்றத்தில் என்ன பேச முடிந்தது, என்ன முடியவில்லை? தமிழில் இதை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

கோட்பாட்டுப் புத்தகங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. பார்னெட்டும் ஃபின்னமோரும் 2004-இல் எழுதிய 'ரூல்ஸ் ஃபார் த வேர்ல்ட்' நூலை முதல் பருவத்திலேயே படித்துவிடுங்கள். ருவாண்டா படுகொலைக் காலத்தில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதுக்குழுவுக்குள் இருந்து பார்த்தவர் பார்னெட். உள்ளே இருந்து பார்த்ததன் கனம் அவர் எழுத்தில் தெரியும்.

இனி இன்டர்ன்ஷிப். ஐ.நா. செயலகம் தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதில்லை. ஜெனீவாவோ உலகின் விலைகூடிய ஊர்களில் ஒன்று. 2015-இல் அங்கே ஓர் இளைஞர் வாடகை கட்ட முடியாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. இந்த ஏற்பாடு அநியாயமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கதவைத் திறந்துவைத்துவிட்டு, உலகம் முழுவதற்கும் பேசுகிறோம் என்று சொல்ல முடியாது. தொழிலாளர் அமைப்பும் சுகாதார அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். கடன் வாங்கிச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கோடையில் ஐ.நா. ஜெனீவா அலுவலகம் பட்டதாரிகளுக்காக நடத்தும் பயிற்சித் திட்டம் இருக்கிறது. சட்ட ஆணையத்தின் அமர்வையொட்டி 1965 முதல் நடந்துவரும் சர்வதேசச் சட்டக் கருத்தரங்கம் இருக்கிறது; அதில் வளரும் நாட்டு மாணவர்களுக்கு நிதி உதவியும் உண்டு. சட்டம் படித்தவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

வேலைவாய்ப்பைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஐ.நா. பெரும் பண நெருக்கடியில் இருக்கிறது. உறுப்பு நாடுகள் பங்குத்தொகையைத் தாமதிக்கின்றன. அமெரிக்கா 2025 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் பொதுச்செயலாளர் 'ஐ.நா. 80' என்ற சீர்திருத்த முயற்சியைத் தொடங்கினார், பதவிகள் குறைகின்றன. இதனால் இந்தப் படிப்பு வீண் என்று வீட்டில் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் அமைப்பு எதை முதலில் வெட்டுகிறது, எதைக் கடைசிவரை காப்பாற்றுகிறது என்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எல்லாத் தலைமுறை மாணவருக்கும் கிடைப்பதில்லை. பிழைப்புக்கு மட்டும் ஐ.நா. வேலை ஒன்றையே நம்பியிருக்காதீர்கள். அரசுத் துறைகள், தொழிற்சங்கங்கள், ஆய்வு நிறுவனங்கள், செய்தித்தாள்கள் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்புகளைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள். ஊரிலேயே தொடங்கிவிடுங்கள், ஜெனீவா வந்தபின் நேரம் இருக்காது. பழைய கோப்புகளில் பாதியைப் படிக்க அது வேண்டும்.

ஜெனீவா வர வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பொதுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஐ.நா. வெப் டிவியில் நேரலையாக வருகின்றன, பழையவையும் அங்கேயே கிடைக்கின்றன. ஐ.நா. டிஜிட்டல் நூலகம் இலவசம். சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் ஐ.நா. வெளியீடுகளின் வைப்பு நூலகம். மனித உரிமைகள் பேரவையின் கடந்த கூட்டத்தொடரில் நிறைவேறிய தீர்மானம் ஒன்றை எடுங்கள். அதன் 'எல்' வரிசை ஆவணத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், வாக்களிப்பு நாளின் காணொளியைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.