துரு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"இரும்புன்னா துருப்பிடிக்கத்தான் செய்யும்." அரிமானம் பற்றிய அறிமுகப் பயிற்சிக்கு வரும் ஃபிட்டரும் மேஸ்திரியும் ஆலைப் பொறியாளரும் இந்த நம்பிக்கையோடுதான் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். இருப்பவற்றிலேயே அதிகக் கேடு செய்வது இதுதான். விதி என்று நினைத்துவிட்டால் யாரும் காரணம் தேடமாட்டார்கள். அரிமானத்தால் உலகுக்கு ஆண்டுக்குச் சுமார் 2.5 லட்சம் கோடி டாலர் செலவாகிறது என்று அரிமானப் பொறியாளர்களின் சங்கமான நேஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை, ஏற்கெனவே தெரிந்த முறைகளைக் கொண்டே மிச்சப்படுத்தலாம் என்றும் அது சொன்னது. தெரிந்ததைச் செய்யாமல் விடுவதால் போகிற பணம் இது.

துரு ஒரு மின்சுற்று. உலோகம் கரைகிற இடம் ஆனோடு. அங்கிருந்து வரும் எலக்ட்ரான்களை, பெரும்பாலும் ஆக்சிஜன், எடுத்துக்கொள்ளும் இடம் கேத்தோடு. இரண்டையும் உலோகம் உள்ளே இணைக்கிறது, ஈரம் வெளியே இணைக்கிறது. இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் சுற்று ஓடாது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தையும் ஆராய்வது இதனால்தான்.

அடுத்த நம்பிக்கை: காற்று நன்றாகப் படும் இடத்தில்தான் இரும்பு அதிகம் கெடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய சோதனை வேறு விதமாகச் சொல்கிறது. உப்புத்தாளால் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட வேண்டும். அதில் இரும்பு கரைந்தால் நீலம் காட்டும் ஃபெரிசயனைடும், காரம் உண்டானால் இளஞ்சிவப்பு காட்டும் ஃபீனால்ஃப்தலீனும் கலந்திருக்கும். சற்று நேரத்தில் சொட்டின் ஓரம் சிவக்கிறது, நடு நீலமாகிறது, இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. காற்று எளிதில் எட்டும் ஓரம் கேத்தோடாகித் தப்பிக்கிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதிதான் கரைகிறது. துரு தெரிகிற இடமும் இரும்பு கரைகிற இடமும் ஒன்றல்ல!

வாஷரின் அடி, கேட்டின் கீழ்ச்சட்டத்தில் மண் ஒட்டிய இடம், தண்ணீர்த் தொட்டியில் சகதி படிந்த அடித்தளம் எல்லாம் முதலில் ஓட்டையாவதற்குக் காரணம் இதுவே. எல்லா ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் முதல் வாரமே மாணவர்கள் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது என்பேன்.

இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில், கெடுகிற உலோகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் போதும் என்பதும் தவறு. செம்புத் தகட்டில் இரும்பு போல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டுக்கு மட்டும் பெயிண்ட் பூசினால், பூச்சில் ஒரு கீறல் விழுந்ததும் செம்பின் முழுப் பரப்பும் சேர்ந்து அந்தக் கீறலிலுள்ள இரும்பைக் கரைக்கும். அடிக்க வேண்டியது செம்பின் மேல். முடிந்தால் இரண்டின் மேலும். பிரிட்டிஷ் கடற்படை இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு வேய்ந்தார்கள். 1763இல் பார்த்தால், பல இடங்களில் இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பதில் பாதிதான் உண்மை. குரோமியம் உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. கடல் உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். கடலோர வீட்டுக் கைப்பிடிக்கு 304 ரகத்தைவிட, மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் பொருத்தம்.

காங்கிரீட்டுக்குள் போன கம்பிக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைக் காப்பது உண்மைதான். ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தை மெல்லக் குறைக்கிறது, உப்பிலுள்ள குளோரைடு கம்பியின் படலத்தை உடைக்கிறது. இதனால்தான் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடற்காற்று நேரே படும் காங்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கனம் கேட்கிறது. கவர் பிளாக் வைக்காமல் ஜல்லிக்கல்லைச் செருகுகிற இடத்தில் இந்தக் கனம் கிடைக்காது.

உப்பேறிய கூரையில் காரை உதிர்ந்தால் அந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுகிறோம். சில வருடங்களில் ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் வருகிறது. மேஸ்திரியின் வேலை மோசம் என்கிறோம். பல நேரம் பிழை அவருடையதல்ல. புதுக் காரைக்குள் உள்ள கம்பி கேத்தோடாக மாற, பக்கத்தில் உப்பேறிய பழைய காங்கிரீட்டில் உள்ள கம்பி ஆனோடாகிவிடுகிறது. உப்பேறிய காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை எடுத்து, கம்பியைத் தேய்த்து, ஒட்டின் ஓரங்களில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிப் பூசுவது ஒரு நல்ல வழி. கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

இதே ஏற்பாடு உங்கள் வீட்டு கீசருக்குள்ளும் இருக்கலாம். எஃகுத் தொட்டி உள்ள கீசர்கள் பலவற்றில் தொட்டிக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். அது தீர்ந்த பிறகு தொட்டி கரையத் தொடங்கும். அடுத்த முறை சர்வீஸுக்கு ஆள் வரும்போது அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மெலிந்து உள்கம்பி தெரிந்தால், அன்றே புதியது போடச் சொல்லுங்கள்.