கொட்டகைக்கு முன்னால் அனுமதி

கேரித் தீவில் தோட்டத்து லயத்தில் தாத்தா மாடு வளர்த்தார். ‘பெர்மிட்’ என்ற பேச்சையே அவர் வாயில் நான் கேட்டதில்லை. அதனால் போன வகுப்பில் ஒரு தம்பி, “விவசாய நிலம்தானே அண்ணே, கைவிட்ட மாடுகளுக்குக் கொட்டகை போட்டா யாரு என்ன சொல்ல முடியும்?” என்று கேட்டபோது சிரிக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிராண்டில் ‘விவசாயம்’ என்றிருப்பது மட்டும் போதாது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி கட்டடம் எழுப்புவது ‘மேம்பாடு’. அதற்கு ‘கெபெனாரான் மெரஞ்சாங்’, அதாவது திட்டமிடல் அனுமதி, முதலில் வேண்டும். மீறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமென்றால், பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புப் போகும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அவர்களைப் பகையாளியாப் பார்க்காதீங்க. தீவு தாழ்நிலம், நம் சாணித் தண்ணீர் அவர்கள் வாய்க்காலில்தான் இறங்கும். நாங்கள் ஒருமுறை சிமெண்ட் போட்ட பிறகுதான் பக்கத்து அக்காவிடம் பேசப் போனோம். கொட்டகையைப் பிரித்தோம், ஏழு மாடுகளுக்கு வேறு இடம் தேடி அலைந்தோம்.

அனுமதி மறுக்கப்பட்டால் 1 மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். கடிதம் கிடைத்த தேதியை அன்றைக்கே குறித்து வையுங்கள்.